சமோசா அக்காவின் சிலை

தாமுவே சந்தையில் சமோசா விற்கும் அந்த அக்காவை ஒரு மாலைதான் சந்தித்தேன். கன்னத்தில் பர்மிய மரப்பட்டைச் சாந்தான தனக்கா பூசி, அங்கே பெண்களும் கட்டும் லுங்கியைப் புதிதாகக் கட்டி, ஒரு சிற்பக் கண்காட்சிக்கு வந்திருந்தார். முன்பற்கள் இரண்டு இல்லை. அதனால் பேசும்போதெல்லாம் கையால் வாயை மறைத்துக்கொள்வார்.

சந்தையில் இரு கையாலும் தட்டைப் பிடித்து அவர் கூவி விற்பதைப் பார்த்த ஓர் இத்தாலியச் சிற்பி, அவரையே வெண்கலச் சிலையாகச் செய்திருந்தார். நான் அந்தச் சிற்பியின் மொழிபெயர்ப்பாளன்.

திரையை விலக்கினார்கள். ஆள் உயரச் சிலை, முகம் முழுக்க வாயாகக் கதறியது. பல் இல்லாத இடமும் அப்படியே இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அக்கா என் பக்கம் வந்தார். “தம்பி, அந்த வாயை மூடிவிட முடியுமான்னு கேளுங்க.”

கேட்டேன். சிற்பி சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

“வாய்தான் சிலையே என்கிறார், அக்கா.”

அக்கா போய், சிலையின் முகம் தெரியாதபடி அதன் முன்னால் நின்றுகொண்டார். படமெடுக்க வந்தவர்கள் காத்திருந்தார்கள். சிற்பி என்னிடம் ஏதோ முணுமுணுத்தார். அதைச் சொல்வதும் என் வேலைதான்.

“அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

“என் முகம்தானே, தம்பி?” என்று கேட்டுவிட்டு அவர் நகர்ந்தார்.

அந்தக் கேள்வியை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.