கண்ணில் ஒற்றிய துப்பாக்கி

எடமலைப்பட்டி புதூரில் அந்தப் பயிற்சிக் கூடத்தில் மின்விசிறிகள் ஐந்து. ஓடியவை மூன்று. அவற்றில் ஒன்றுகூட என் தலைக்கு மேல் இல்லை. எழுபது வயதைத் தாண்டியவன் ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி அங்கே போய் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்ததற்குக் காரணம், அப்பாவின் ஒற்றைக் குழல் துப்பாக்கி.

அப்பாவுக்குப் பிறகு வயலைப் பார்த்துக்கொண்ட அண்ணன் பெயரில் அதன் லைசென்ஸ் இருந்தது. அண்ணனும் போய்விட்டார். துப்பாக்கியை டவுனில் ஒரு துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்து வைத்திருந்தோம். அது என் பெயருக்கு மாற வேண்டுமென்றால் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போய், தேர்வில் தேறி, சான்றிதழ் வாங்க வேண்டும். தேறாவிட்டால் விற்றுவிட வேண்டியதுதான். அப்பா கையில் பார்த்த பொருள்களில் எங்களிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். மற்றவையெல்லாம் பாகப்பிரிவினையில் ஆளுக்கொரு பக்கம் போயின.

பயிற்சியாளர் போலீஸ் ஆயுதப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் மூன்று தடவை சொல்வார். முப்பத்தைந்து வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவனுக்கு ஒரு தடவை சொன்னால் போதாதா? விதிகள் நான்கு. எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நினைக்க வேண்டும். பேரலை ஆள் பக்கம் திருப்பக் கூடாது. சுடும் வரை விசையில் விரல் வைக்கக் கூடாது. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த நான்குக்காக எத்தனை மணி நேரம்! நாங்கள் பழக அவர் கொடுத்தது மரத்தில் செய்த கட்டை. நிஜத் துப்பாக்கியை அவர் மட்டும்தான் தொடுவார்.

வீட்டில் குடையை வைத்துப் பழகினேன்.

"என்னங்க, காய்கறிக்காரர் நிக்கறார். குடைய அவர் பக்கம் நீட்டாதீங்க" என்றாள் மனைவி.

"நீட்டல. பேரல் தரையப் பாத்துதான் இருக்கு."

"பேரலாம்! மழைக்கு ஒழுகற குடை."

தேர்வு, ஆயுத பூஜை கழிந்த வாரத்தில் வந்தது. எழுத்துத் தேர்வில் எல்லாக் கேள்விக்கும் சரியாக எழுதினேன். என் பக்கத்து நாற்காலிக்காரர், நகைக்கடை முதலாளி, பாதிக் கேள்விகளுக்கு என் தாளை எட்டிப் பார்த்தே எழுதினார்.

அடுத்தது செய்முறை. மேசைமேல் நிஜத் துப்பாக்கி. எடுக்க வேண்டும், நடுவில் மடக்கித் திறக்க வேண்டும், உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அடிக்கட்டையில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். நான் இரண்டு கையாலும் எடுத்தேன். எடுத்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், வலக்கண், இடக்கண் என்று.

"பெரியவரே! வைங்க! கீழ வைங்க!"

பேரல் பயிற்சியாளரின் வயிற்றுக்கு நேராக நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் ஒதுங்கியிருந்தார்கள்.

"தோட்டா இல்லையே சார். நீங்க காலியா வெச்சதை நான் பாத்தேன்."

"மொத ரூல் என்ன?"

"எல்லாத் துப்பாக்கியிலயும் தோட்டா இருக்கறதா நெனச்சுக்கணும்."

"நல்லா சொல்றீங்க. சொல்லிக்கிட்டே என் வயித்துக்கு நீட்டறீங்க."

எனக்குக் கோபம் வந்தது. "பொட்டு வெச்சது யாரு சார்? பொட்டு வெச்ச பொருளை நாங்க எப்படி எடுப்போம்?"

"பொட்டு நான்தான் வெச்சேன். வெக்கறப்ப பேரல் செவுத்தப் பாத்து இருந்துச்சு. அடுத்த பேட்ச்ல வாங்க."

நகைக்கடைக்காரர் தேறிவிட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம்கூடக் கிடைக்கவில்லை. அரிவாளோ, பேனாவோ, புது ஸ்கூட்டரின் சாவியோ, தொழிலுக்கான எதையும் கண்ணில் ஒற்றாமல் எங்கள் வீட்டில் எடுத்ததில்லை. அது நினைத்துச் செய்வதில்லை. கை தானாகப் போகும். அதற்காக ஒரு மனிதனைத் திருப்பி அனுப்புவதா?

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லிவிட்டு, மனைவி சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தேன்.

"குடைய வெச்சுப் பழகினீங்களே, அத ஒரு தடவையாவது ஒத்திக்கிட்டீங்களா?"

"குடைய யாராவது கும்பிடுவாங்களா?"

"அதத்தான் சொல்றேன்."

குடையை வாங்கிக் கழுவினாள். கைப்பிடியில் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பூஜை அலமாரியில் விளக்கின் பக்கத்தில் படுக்க வைத்தாள். "இப்ப எடுங்க."

எடுத்தேன். கை மேலே போனது.

"கீழ!" என்று அதட்டினாள்.

மறுபடி எடுத்தேன். மறுபடி போனது. தினமும் காலையில் காப்பிக்கு முன் இதே கூத்து. கல்யாணமான நாளிலிருந்து என்னை அதட்ட ஒரு சாக்குக் கிடைக்காதா என்று அவள் காத்திருந்த மாதிரி இருந்தது. ஒருநாள் குங்குமத்தைப் பார்த்தும் கை அசையவில்லை. அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இல்லை. எதையோ பிடுங்கிக்கொண்டது போலிருந்தது.

அடுத்த பேட்ச்சில் ஓடிய விசிறிகள் இரண்டு. தேறினேன். பயிற்சியாளர், "யார்கிட்ட பழகுனீங்க?" என்று கேட்டார். "வீட்ல" என்றேன்.

லைசென்ஸ் வருவதற்குள் இன்னும் எத்தனையோ நடை. வந்ததும் கடைக்குப் போனேன். கடைக்காரர் துணி உறையிலிருந்து துப்பாக்கியை உருவினார். பயபக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டு என் நெஞ்சுக்கு நேராக நீட்டினார்.

"பேரலை இறக்குங்க!" என்று கத்தினேன். கடையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

"காலி துப்பாக்கி சார். அண்ணன் போனதுலேர்ந்து இங்கதான கெடக்கு."

"மொத ரூல் என்னய்யா?"

நான் வாங்கி, பேரலைத் தரைக்குத் திருப்பி, மடக்கித் திறந்து பார்த்தேன். காலிதான். அடிக்கட்டையில் அண்ணன் கடைசியாக வைத்த சந்தனம் காய்ந்து, மஞ்சள் கறையாக ஒட்டியிருந்தது. கை பாதி தூரம் எழுந்து நின்றுவிட்டது. பேரலை அசைக்கவில்லை. இடுப்பு வலியோடு நானே குனிந்து, அந்தக் கறைமேல் கண்ணை வைத்தேன்.

"இதுக்குத் தூக்கி ஒத்திக்கிறதே தேவல சார்" என்றார் கடைக்காரர்.

பதிலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் நிமிர வேண்டியிருந்தது.