வியாழக்கிழமைச் சிநேகிதி

என் அக்காவுக்கு ஒரே ஒரு சிநேகிதி. ஐம்பதுகளின் கடைசியில் இருவருக்கும் பதினாறு வயது இருக்கும். சற்றே மேலேறிய கண்கள், தட்டை மூக்கு, சின்னக் காதுகள் என்று முகமும் ஒரே மாதிரி. "கூடப் பொறந்தவங்களாங்க?" என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். டவுன் சிண்ட்ரோம் என்ற பெயரெல்லாம் அன்று எங்களுக்குத் தெரியாது.

சிங்காநல்லூரில் டாக்டர் வீட்டுப் பெஞ்சில்தான் முதலில் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்குமே இருதயம் பலவீனம். அவள் கருமத்தம்பட்டிப் பக்கம் பெரிய தோட்டக்காரர் வீட்டுப் பெண். நாங்கள் மில் லைன் வீட்டில் இருந்தோம். வியாழக்கிழமைதோறும் மருந்து வாங்கிக்கொண்டு அவளும் அவள் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்து, சாயங்கால பஸ் வரைக்கும் இருப்பார்கள்.

அவள் பேச்சு அக்காவைத் தவிர யாருக்கும் புரியாது. "தலை பின்னி உடோணுமாமா" என்று அக்காதான் எங்களுக்கு எடுத்துச் சொல்வாள். பின்னிக்கொண்டே இருவரும் எதையோ பேசிப் பேசிச் சிரிப்பார்கள். நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். "நீ போ கண்ணு" என்பாள் அக்கா. வகுப்பில் முதல் மார்க் வாங்குகிற தங்கைக்கு அங்கே இடமில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு வாரம் அவர்கள் வரவில்லை. "அவ அக்காளுக்கு மாப்பிள்ளை பாக்கறாங்களாமா. அது முடியற வரைக்கும் இவளை வெளிய கூட்டிட்டு வரமாட்டாங்களாமா" என்றாள் அம்மா. அக்காவுக்கு அது விளங்கவில்லை. வாரா வாரம் பவுடர் போட்டுக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்குக் கிளம்பிவிடுவாள். துணைக்கு நான் போக வேண்டும். என் வகுப்புப் பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள்.

ஒருநாள் அங்கேயே சொல்லிவிட்டேன். "அவ செத்துப்போயிட்டாக்கா. இனி வரமாட்டா."

அக்கா அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அதற்கப்புறம் தலை வாரவே யாரையும் விடவில்லை. ஏன் என்று அம்மா கேட்டபோதெல்லாம் நான் வாய் திறக்கவில்லை.

நாலைந்து மாதம் கழித்து, அந்தக் கல்யாணம் முடிந்ததும், அவள் வாசலில் வந்து நின்றாள். அக்கா மெதுவாக எழுந்து போய் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீ சாவலையா?"

அவள் என்னவோ சொன்னாள். அக்கா சிரித்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் அவள் நிஜமாகவே இறந்துபோனாள். அம்மா அக்காவை மடியில் சாய்த்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

"பொய்" என்றாள் அக்கா, என்னைக் காட்டி. "இவ அப்பவும் இப்படித்தான் சொன்னா."

"இல்லக்கா, இப்ப நெசமாலுமே" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்கா இன்னும் ஒன்பது வருஷம் இருந்தாள். ஒரு வியாழக்கிழமைகூட விடவில்லை. மழையோ வெயிலோ, நானும் கூடவே போனேன். பஸ்ஸிலிருந்து ஒவ்வொருவராக இறங்குவார்கள். சில நாள், கடைசியாக அவள் இறங்கிவிடுவாளோ என்று எனக்கே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.