மானியத்துக்கு நான் எழுதிய கதை

மலேசியாவில் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை காலைகளில் அங்குள்ள பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். மற்ற நாட்களில் செண்டாயானில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. வீடு அம்பாங்கானில். ஆசிரியர் பயிற்சி எதுவும் எனக்குக் கிடையாது. ஆனாலும் தோட்டத்தில் எல்லாருக்கும் நான் டீச்சர்தான். அந்த மரியாதையைக் கொஞ்சம் அதிகமாகவே ரசித்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வகுப்பு நடப்பது பழைய ஆயாக் கொட்டகையில். இது ரப்பர் தோட்டமாக இருந்த காலத்தில் பால் வெட்டப் போன தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுச் சென்ற இடம் அது. இப்போது தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பாதி வீடுகளில் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள். தமிழ்க் குடும்பங்கள் இருபதுகூட இருக்காது. கொட்டகையின் கூரை ஒழுகும். மழை வந்தால் பிள்ளைகள் புத்தகங்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சுவரோரமாக நிற்பார்கள். நான் கையிலிருந்து போடுவது சாக்பீஸுக்கும் பிஸ்கட்டுக்கும் சரியாய்ப் போய்விடும். கூரைக்கு எங்கே போவது? கோலாலம்பூரில் உள்ள ஓர் அறநிறுவனத்திடம் மானியம் கேட்டு விண்ணப்பித்தேன்.

படிவத்தின் முதல் பக்கங்களை ஒரே மாலையில் நிரப்பிவிட்டேன். கடைசிப் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். எங்கள் வகுப்பால் பயன்பெறும் ஒரு குடும்பத்தின் கதையை எழுதச் சொல்லியிருந்தார்கள். தொலைபேசியில் விசாரித்தபோது அங்கிருந்த இளம் அதிகாரி, "மனசத் தொடுற மாதிரி ஒரு ஸ்டோரி குடுங்கக்கா, அப்புறம் ஈஸி லா" என்றார். நல்ல பிள்ளை. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

என்னிடம் ஒரு கதை இருந்தது. ஒரு தாய் என்னை நம்பிச் சொன்னது. இதை இப்போது எழுதுவதற்கு அவரிடம் கேட்டுவிட்டேன். அப்போது கேட்கவில்லை.

அவர் கடைசி வரிசை லயத்தில் இருக்கிறார். செம்பனைக் குலை வெட்டும்போது சிதறும் உதிரிப் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் சேர்க்கும் வேலை. கணவர் லோரி ஓட்டுகிறார், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஒரே மகள், அப்போது ஒன்பது வயது, என் வகுப்பில் படித்தாள். ஒரு சனிக்கிழமை பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு அந்தத் தாய் கொட்டகைக்கு வந்தார். நீளக்கைச் சட்டையின் பையிலிருந்து பள்ளிக்கூடக் கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"கண்ணு சரியில்ல டீச்சர். என்னா போட்டிருக்குன்னு பாருங்க."

படித்துச் சொன்னேன். அப்படியே நாலைந்து கடிதங்கள் வந்தன. ஒருநாள் அவரே உடைத்துச் சொல்லிவிட்டார்.

"கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு டீச்சர். எனக்கு எழுத்து தெரியாது. சின்னதுல பிறப்புப் பத்திரம் இல்லன்னு ஸ்கூல்ல சேத்துக்கல. பாப்பாவுக்குக்கூட தெரியாது. உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்."

அதைத்தான் எழுதினேன். பெயர் போடவில்லை. பெயர் போடாமல் விட்டால் போதும் என்று உண்மையாகவே நம்பினேன். காகிதம் போகிற இடம் கோலாலம்பூர், அங்கே யாருக்கு இவரைத் தெரியும் என்று இருந்துவிட்டேன். இருபது குடும்பம் இல்லாத தோட்டத்தில் ஒருவரை அடையாளம் காட்டப் பெயர் எதற்கு என்று என் மண்டையில் ஏறவில்லை.

மானியம் கிடைத்தது. புதுக் கூரை போட்டோம். மின்விசிறிகள் வந்தன, அலமாரி நிறையப் புத்தகங்கள் வந்தன. திறப்பு விழாவுக்கு முன்பு அந்த அதிகாரி மறுபடியும் அழைத்து, கதையைத் தமிழில் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஆங்கிலத்தைவிடத் தமிழில் அது நன்றாக வந்தது. தலைகால் புரியாத சந்தோஷத்தில் அன்றைக்கே அனுப்பிவைத்தேன்.

விழா அன்று காலை மேடைக்குப் பின்னால் பெரிய பேனர் ஒன்றைக் கட்டினார்கள். மேலே பிள்ளைகள் சிரிக்கும் படம். கீழே என் வாக்கியங்கள், ஒவ்வோர் எழுத்தும் உள்ளங்கை அகலத்துக்கு. பார்த்ததும் அந்தத் தாய் வந்துவிட்டாரா என்று சுற்றிப் பார்த்தேன். கூடவே பெருமையாகவும் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? என் எழுத்தை அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததே இல்லை. பெயர்தான் இல்லையே என்று மறுபடியும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நாற்காலி போதுமா என்று பார்க்கப் போய்விட்டேன்.

பேச்செல்லாம் முடிந்ததும் அதிகாரி ஒலிவாங்கியைப் பிடித்து, "இங்க ரொம்ப நல்லா வாசிக்கிற பிள்ளை யாரு? வந்து இந்த பேனரைப் படிக்கட்டும்" என்றார். பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் கத்தி அந்தத் தாயின் மகளைக் காட்டினார்கள். அவள் எழுந்து என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு இரண்டு விநாடி இருந்தது. போ என்று தலையாட்டினேன்.

அவள் கணீரென்று தொடங்கினாள். "எங்கள் தோட்டத்தில் ஒரு தாய் இருக்கிறார். பள்ளியிலிருந்து வரும் கடிதத்தை அவரால் படிக்க முடியாது. கண் சரியில்லை என்று எல்லாரிடமும் சொல்லி..."

அங்கே குரல் இறங்கியது. என் வகுப்பில் ஒரு விதி உண்டு. வாசிக்கத் தொடங்கியவர் தடுமாறினாலும் கடைசி முற்றுப்புள்ளி வரை போக வேண்டும், பாதியில் உட்காரக் கூடாது. நான் வைத்த விதி. அந்தப் பிள்ளை அதை மீறவில்லை. அவருக்கு எழுத்தே தெரியாது என்பதையும் வாசித்தாள், அவருடைய மகள் இன்று நன்றாக வாசிக்கிறாள் என்பதையும் வாசித்தாள். விருந்தினர்கள் கைதட்டினார்கள்.

அந்தத் தாய் பின்வரிசையில் வடைத் தட்டோடு நின்றிருந்தார். விடியலிலேயே எழுந்து எல்லாருக்கும் வடை சுட்டவர் அவர்தான். பக்கத்தில் இருந்த பெண்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். அவர் தட்டை ஒரு நாற்காலியில் வைத்தார். முன்னால் வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். என்னைப் பார்க்கவே இல்லை. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

பேனரை அன்றே அவிழ்த்து என் காரில் போட்டுக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளை வரவில்லை, அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. மூன்றாவது வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்தத் தாய் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"மன்னிச்சிரும்மா. பேரு போடலன்னுதான்..." என்று இழுத்தேன்.

"பேரு எதுக்கு டீச்சர்? கண்ணு சரியில்லன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறது இந்தத் தோட்டத்துல நான் ஒருத்திதானே." பிறகு கேட்டார்: "அந்த பேனர் எங்க?"

"என் கார்லதான் இருக்கு."

"அதக் குடுத்துருங்க."

எதற்கு என்று எனக்குப் புரிந்தது. தோட்டத்தில் பேனரை யாரும் குப்பையில் போட மாட்டார்கள். தேர்தல் பேனரோ திருவிழா பேனரோ, மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கோ ஆட்டுக் கொட்டகைக்கோ மழை மறைப்பாகப் போய்விடும். என்னிடம் இருந்தால் நாளைக்கு அது யார் வீட்டு முன்னால் தொங்குமோ என்று அவர் பயந்திருக்கிறார். என்னை நம்பாமல் போனது நியாயம்தான். கொண்டுவந்து கொடுத்தேன்.

அடுத்த ஆண்டு மானியத்தைப் புதுப்பிக்கும் படிவம் வந்தது. கடைசிப் பக்கத்தில் அதே கேள்வி. அதைப் பையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இந்த முறை கேட்டுவிட்டு எழுதலாம், பிள்ளையையும் அனுப்பச் சொல்லலாம் என்று நினைப்பு. மழை பிடித்துக்கொண்டது. பின்பக்க அடுப்படிக்கு வரச் சொன்னார். அடுப்புக்கு மேலே தகரக் கூரை முடியும் இடத்திலிருந்து அந்த பேனரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். எழுத்துகள் வெளியே தெரியாமல் உள்பக்கமாகக் கீழே பார்த்தபடி இருந்தன. புகை படிந்தும் வாசிக்க முடிந்தது. அதன் கீழே மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

பாப்பாவை மறுபடியும் வகுப்புக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டேன்.

"அவளுக்கு இங்க வேல இருக்கு டீச்சர். எனக்குச் சொல்லிக் குடுக்கணும்."

நான் மேலே பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, விரலை உயர்த்தி, எழுத்து எழுத்தாக வாசித்தார். எங்கள் தோட்டத்தில் ஒரு தாய் இருக்கிறார். நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு, கடைசி முற்றுப்புள்ளி வரை போனார். மகள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் மொதமொதல்ல படிச்சது இதத்தான்" என்றார். "ஒரு எழுத்து விடல. நீங்க எழுதுனதுல பொய் ஒண்ணும் இல்ல, டீச்சர். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

படிவத்தை நான் பையிலிருந்து எடுக்கவில்லை.