பெட்டிக்கு மேலே ஒரு நட்சத்திரம்

முட்டத்தில் எங்கள் நுண்ணலைக் கருவிக்குக் காவல் சிலுவைதாசன் அண்ணன். கருவி என்றால் மொட்டைமாடியில் நிற்கும் ஒரு பெட்டி, அவ்வளவுதான். வானத்திலிருந்து வரும் மெல்லிய நுண்ணலைகளை வாங்கி, மேலே எவ்வளவு சூடு, எவ்வளவு நீராவி என்று சொல்லும். அதைச் சரியாகச் சொல்ல வைப்பது என் வேலை. மூடியில் கடல் உப்பும் பனியும் படிந்தால் ஈரத்தைக் கூட்டிச் சொல்லிவிடும். அதனால் அண்ணன் தினமும் காலையில் நல்ல தண்ணீரால் துடைப்பார். பச்சைப்பிள்ளைக்கு முகம் துடைக்கிற பதவிசு. போதும் அண்ணே என்றாலும் விடமாட்டார். எனக்கு அவர்மேல் பிரியம் வந்ததே அந்தத் துடைப்பில்தான்.

2013 டிசம்பரில் எங்களுக்குப் பரீட்சை. பலூனில் அளவுமானி கட்டிப் பறக்கவிட்டு, அது மேலே அளந்த சூட்டையும் ஈரத்தையும் பெட்டி சொல்வதோடு ஒப்பிடுவார்கள். ஒத்துப்போகாவிட்டால் கருவி வேறு ஊருக்குப் போய்விடும். அண்ணனுக்கு வேலையும் போய்விடும். முதல் நாளே பெட்டி காலை வாரியது. பளிச்சென்று வெயில் அடிக்கையில் வானமெல்லாம் தண்ணீர் என்றது. மென்பொருளைத் திட்டினேன், வயர்களைத் திட்டினேன், சொந்த ஊரான கொட்டாரத்தில் சும்மா இருக்காமல் இந்த வேலைக்கு வந்த என்னையும் திட்டிக்கொண்டேன். கடைசியில் மாடியேறி அண்ணாந்து பார்த்தேன்.

பெட்டிக்கு நேர் மேலே, மூங்கில் கம்பில், வெள்ளித்தாள் ஒட்டிய பெரிய கிறிஸ்துமஸ் நட்சத்திரம். பெட்டி வானத்தை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்து, தாளில் பட்டுத் திரும்பும் தரைச் சூட்டை ஈரமென்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குக் காது சூடேறிவிட்டது. ஊரில் இத்தனை வீடு இருக்க இங்கேதான் இடம் கிடைத்ததா என்று அண்ணனிடம் கேட்டுவிட்டேன்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

“சாவு விழுந்த வீட்டுல இந்த வருசம் நட்சத்திரம் கெட்டப்பிடாதுல்லா மக்களே. இது குளோரி படுக்கையில கெடந்துட்டே ஒட்டுனது.”

குளோரி அவர் மனைவி. அக்டோபரில் அவளை அடக்கம் செய்தபோது நானும் கல்லறைத் தோட்டத்தில் நின்றிருந்தேன். கழற்றுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. அவரே கம்பை இறக்கினார்.

மறுநாள் பலூனும் பெட்டியும் ஒரே பேச்சாகப் பேசின. அந்த வாரம் முழுக்க அப்படித்தான். கருவி முட்டத்திலேயே இருக்கட்டும் என்று முடிவானது.

அன்று சாயங்காலம் மாடிக்குக் கீழே கணினி அறை ஜன்னலில் அந்த நட்சத்திரத்தை நானே கட்டினேன். பெட்டியின் பார்வை அங்கே எட்டாது. அண்ணன் பெட்டி துடைக்கும் துணியோடு வந்து, வெள்ளித்தாளில் படிந்த உப்பை மூலை மூலையாகத் துடைத்தார். போதும் அண்ணே என்று நான் சொல்லவில்லை.