எண்ணெய்ப் புட்டியில் வந்த கறுப்புச் சாயம்

மலாயா அவசரகாலத்தில் அது எந்த ஆண்டு என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எல்லோர் கையிலும் அடையாள கார்டு வந்துவிட்டது. எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டாகிவிட்டது. புதுத் துரை இன்னும் வரவில்லை. இவற்றை வைத்துத்தான் கணிக்கிறேன்.

வருகிற துரை நரைத்தவர்களைப் பால்மரத்திலிருந்து கூலி குறைந்த புல்வெட்டுக்கு மாற்றிவிடுவார் என்று தோட்டத்தில் பேச்சு. என் அண்ணனுக்கு வயது அதிகமில்லை. தலை மட்டும் முழுக்க வெளுத்திருந்தது. மரம் கைவிட்டுப் போனால் திரும்பி வராது. துரை வருவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, இருவரும் ஜாசின் பட்டணத்துக்குப் போய் முடிச்சாயம் வாங்கினோம்.

தோட்டத்துக் கேட்டில் மருந்துப் புட்டியைக் கண்டால், காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கா என்று நிறுத்திவிடுவார்கள். அதனால் இருமல் மருந்தைக்கூட நாங்கள் தலையெண்ணெய்ப் புட்டியில் மாற்றித்தான் கொண்டுவருவோம். சாயத்துக்கும் அண்ணன் அந்தப் புட்டியைத்தான் நீட்டினார்.

"அண்ணே, லேபில்ல என்னமோ செவப்புல போட்டிருக்கான். படிச்சிட்டுப் போங்க," என்றார் கடைக்காரர்.

"படிச்சா முடி கறுத்துருமா? ஊத்துலா தம்பி."

மத்தியானமே பூசிக்கொண்டார். விடியுமுன் அண்ணி வந்து என்னை எழுப்பினார். அண்ணனின் தலை நல்ல கறுப்பு. நெற்றியும் காதும் தடித்து, கண்கள் வீங்கிக் கோடாகியிருந்தன.

"இன்னைக்குப் பெரட்டுக்குப் போவாதீங்க."

"போவாட்டி கெழவன்னே முடிவு பண்ணிருவான்டி."

ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் வேலிக்கு வெளியே இருந்தது. கேட்டில் நின்ற மலாய்க்காவலர் கார்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். படத்தில் இருந்தது நரைத்த தலை, ஒட்டிய கன்னம். "புக்கான் டியா," இது அவரில்லை, என்று கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். என் அண்ணன்தான் என்று எனக்குத் தெரிந்த மலாயில் கெஞ்சினேன். மேலாள் வரட்டும் என்றார். மேலாள் வந்து அண்ணனை வெளியே விட்டபோது பெரட்டு கலைந்திருந்தது. அண்ணனின் மரங்களை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

துரை அன்று யார் தலையையும் பார்க்கவில்லையாம். வராதவர்கள் யார் என்று மட்டும் கேட்டாராம்.

அடுத்த ஞாயிறு அதே கடையில் லேபிலை வாங்கிப் படித்தேன். தமிழிலும் இருந்தது: காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தடவி, ஒரு நாள் பொறுத்து, அரிப்போ தடிப்போ இல்லாவிட்டால் மட்டுமே தலைக்குப் பூசவும்.

வந்து அண்ணனிடம் சொன்னேன். ஒரு வாரம் புல் வெட்டிய கையை நெஞ்சில் வைத்துப் படுத்திருந்தார். வீக்கம் வடிந்திருந்தது.

"ஒருநாள் பொறுக்கணுமா? மறுநாளே தொர வர்றான், எங்கடா பொறுக்கறது?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.