சாக்பீஸ் கோடு

முத்தையாபுரத்தில் எங்கள் உப்பு ஆலை நின்றுபோன பிறகும் என்னையும் ஒரு ஃபிட்டரையும் மட்டும் வேலையில் வைத்திருந்தார்கள். எதையும் ஓட்டாத ஆபரேஷன்ஸ் இன்ஜினியர் நான். ஓடாமல் கிடக்கும் எந்திரத்தின் ஷாஃப்ட், அதாவது சுழலும் இரும்புத் தண்டு, தன் கனத்தாலேயே வளைந்துவிடும். அதனால் திங்கட்கிழமைதோறும் ஒவ்வொரு ஷாஃப்டையும் கையால் கால்வாசி திருப்பி, அது நிற்கும் இடத்தைச் சாக்பீஸ் கோட்டால் குறித்துவைப்போம். கடல்காற்று ஜன்னல் கம்பியைத் தின்றது, கூரைத் தகரத்தைத் தின்றது. ஷாஃப்டுகளில் மட்டும் துருவை அண்டவிடவில்லை.

ஆலையை வாங்க ஆள் வருகிறார் என்று தகவல் வந்தது. "மறுபடி ஓட்டப்போறாவ போல சார்," என்றார் ஃபிட்டர். நானும் நம்பினேன். எல்லாவற்றுக்கும் புது கிரீஸ் வைத்தோம். வந்தவரிடம் பெரிய பம்பின் ஷாஃப்டை ஒற்றைக் கையால் சுற்றிக் காட்டினேன். சத்தமே இல்லாமல் சுற்றியது.

"நல்லாத்தான் சுத்துது. எல்லாஞ் சேத்து எத்தனை டன் தேறும்?" என்றார். அவர் பழைய இரும்பு வியாபாரி என்பது அப்போதுதான் புரிந்தது.

இரண்டே நாளில் கேஸ் கட்டரோடு ஒருவன் வந்தான். ஷாஃப்டில் இருந்த சாக்பீஸ் கோட்டைப் பார்த்து, "கோடு போட்டே வச்சிருக்கியளே சார், இங்கனதான வெட்டணும்?" என்றான்.

ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன்.