வாயில் கை விட்டது யார்?

போன வாரம் ஒரு பசுவின் வாய்க்குள் கை விட்டேன். முழங்கை வரைக்கும்.

பெரிய வீரன் என்று நினைத்துவிடாதீர்கள். கரப்பான்பூச்சியைக் கண்டாலே நாற்காலி மேல் ஏறுகிற ஆள் நான். மண்ணூரில் நான் மாடியில் குடியிருக்கும் வீட்டின் ஓனர் செல்வியக்கா கூப்பிட்டார், போனேன். அவருடைய பசு இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை. வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. கத்தினால் குரல் கம்மி வந்தது.

"கவர் மாட்டிகினு கீது சார். நானும் கை வுட்டுப் பாத்தேன், எட்டல. உங்க கை நீளம், கொஞ்சம் பாருங்க."

எங்கள் பக்கத்து மாடுகள் கம்பெனி கேன்டீன் குப்பையில்தான் மேய்கின்றன. மாடு சாப்பிடவில்லை என்றால் தொண்டையில் பிளாஸ்டிக் கவர் — இதில் எங்களுக்குச் சந்தேகமே வராது. துழாவினேன். எதுவும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை கால்நடை மருத்துவர் வந்தார். கூடவே, பயிற்சியில் இருக்கும் கடைசி வருட மாணவி. மருத்துவர் தள்ளி நின்றே மாட்டைப் பார்த்தார். பிறகு மாணவியிடம், வைவா வாய்மொழித் தேர்வு நடத்துவது போல, "முதல்ல என்னம்மா செய்வே?" என்றார்.

"வாய்க்குள்ள கை விட மாட்டேன் சார்."

"ஏன்?"

"வெறிநாய் கடிச்சு ரேபிஸா இருக்கலாம். பார்த்தா தொண்டை அடைச்ச மாதிரிதான் தெரியும்."

"அப்புறம்?"

"யாராவது கை விட்டாங்களான்னு கேட்பேன்." சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தாள்.

அந்தப் பெண் பாஸ். நான்...? எனக்கு நகம் கடிக்கிற பழக்கம் வேறு. விரல் நுனியெல்லாம் புண்.

செல்வியக்கா கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "யாரும் வுடல டாக்டர்" என்றார். ஊசி என்றால் அவருக்கு அவ்வளவு பயம். எனக்கோ, படிக்கிற பெண் முன்னால் முட்டாளாக நிற்க வெட்கம். உயிரைவிட மானம் பெரிதாகத் தெரிகிற ஒரு நிமிடம் வருகிறதே... அதுதான் ஆளைக் கொல்கிறது.

கையைத் தூக்கினேன். "நான் விட்டேன். அக்காவும் விட்டாங்க."

அன்றே இருவருக்கும் முதல் ஊசி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் செல்வியக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். மூன்றாம் நாள் பசு செத்தது. பரிசோதனையில் ரேபிஸ்தான் என்று வந்த அன்று, படியேறி வந்து என் வாசலில் நின்றார். "நல்ல வேள, சொல்ட்டீங்க சார்" என்றார்.

இன்னும் ஊசி பாக்கி இருக்கிறது. ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் பயமில்லை என்கிறார்கள். ரேபிஸ் வந்துவிட்டால் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காதாம். ஆனாலும் காலையில் முதல் வாய்த் தண்ணீர் தொண்டையில் இறங்கும் வரை எனக்கு உயிர் என்னிடம் இல்லை. கீழே செல்வியக்காவும் சொம்போடு நிற்பார்.

எங்கள் வீட்டில் இப்போது குட்மார்னிங் எல்லாம் கிடையாது.

"எறங்கிச்சா சார்?"

"எறங்கிச்சுக்கா."